ரெக்ரூட்டர் வேலை போனபின்: கோத்தகிரியில் இருந்துகொண்டு வேலை தேடிய அனுபவம்

கம்பெனி செலவைக் குறைக்க முடிவெடுத்தால் முதலில் நிறுத்துவது புது ஆள் எடுப்பதைத்தான். ஆள் எடுப்பது நின்றுவிட்டால் ஆள் எடுப்பவர்களுக்கு அங்கே என்ன வேலை? 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியபோது, அடுத்த வருடம் குறைவாகத்தான் ஆள் எடுக்கப்போகிறோம், அதனால் ரெக்ரூட்டிங் அணிக்குப் பாதிப்பு அதிகமாக இருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 2023 செப்டம்பரில் கூகுளும் தன் ரெக்ரூட்டிங் அணியில் சில நூறு பேரைக் குறைத்தது. பெங்களூரில் நான் இருந்த கம்பெனி அவ்வளவு பெரியது இல்லை, ஆனால் கணக்கு அதே கணக்குதான். எங்கள் அணியில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோம்.

நான் கோத்தகிரிக்காரி. ஏழெட்டு வருடம் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், பில்லிங் ஆட்கள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நடுவில் போன மாதங்களில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீலகிரியிலிருந்து கீழே போய் ஹெச்ஆர் வேலை பார்த்து, வேலை போய் மலைக்குத் திரும்பி வந்திருக்கிறவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். முக்கியமாக உங்களுக்காகத்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா பார்க்க வந்தார். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம் அது. எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் எல்லாம் அங்கே இருந்துதான் போயின. டிஜிட்டல் வந்ததும் பிலிமுக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. எங்கள் மாவட்டத்தில் வேலை போவது என்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காகிதமெல்லாம் வாங்கிட்டியாம்மா?" என்பதுதான். "ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்ச முகம் இருக்கும்போதே வாங்கிடணும். அவங்களும் போயிட்டா அப்புறம் யார்கிட்ட கேப்ப?"

அவர் சொன்னதில் அவ்வளவு விஷயம் இருந்தது. எங்கள் ஹெச்ஆர் அணியே பாதியாகிவிட்ட நேரம். அந்த வாரத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று), கணக்கு முடித்த விவரம். ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். ஆள்குறைப்பினால் வெளியேறியவர் என்பது தெளிவாக இருந்தால் அடுத்த இடத்தில் பேச்சு சுலபம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி அடங்கிய கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடத்தால் பெருக்கினால் வரும் தொகை. நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் அனுப்பும் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் இருந்தால் முழுப் பணத்தையும் எடுக்கவும் முடியாது, புதுக் கம்பெனிக்கு மாற்றுவதும் இழுக்கும். கம்பெனி ஏற்றவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே பிஎஃப் அமைப்பின் யுஏஎன் தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் மருத்துவக் காப்பீடு. கம்பெனிக் குழுக் காப்பீட்டில் அம்மா, அப்பாவைச் சேர்த்திருந்தால், வேலை முடியும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள். அப்படி மாறினால் முன்பே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்புக் காலத்தில், ஏற்கெனவே கழிந்த வருடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம்.

இன்னொன்றும் முதல் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டியது. கேண்டிடேட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வரலாமா? கூடாது. அந்த விவரங்களை அவர்கள் அந்தக் கம்பெனி வேலைக்காகக் கொடுத்தார்கள், நமக்காக இல்லை. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது. லிங்க்ட்இனில் நம் சொந்தப் பெயரில் இணைந்திருப்பவர்கள் நம்மோடுதான் இருப்பார்கள். அது போதும், உண்மையிலேயே போதும். பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் மறைக்க வேண்டாம். ஊரில் எல்லோரும் "லீவாம்மா?" என்று கேட்பார்கள். அம்மா என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். "கம்பெனியில் ஆள் குறைச்சிட்டாங்க, வேற தேடிக்கிட்டு இருக்கா" என்று அம்மாவிடமே சொல்லிக் கொடுத்தேன். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பசுந்தேயிலை விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே பழகிய வீடு என்பதால் வருமானம் நிற்கும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் புதிதில்லை. பெங்களூர் வீட்டைக் காலி செய்ததில் வாடகை மிச்சம். அதனால் கிடைத்த வேலையில் அவசரமாக விழாமல் யோசிக்க நேரம் கிடைத்தது.

யோசித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

ஆள் எடுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. புது புராஜெக்ட் வருகிறது, புதுக் கிளை திறக்கிறார்கள், முதலீடு வந்திருக்கிறது, அதற்காக எடுப்பது ஒன்று. இருந்தவர் போய்விட்டார், அந்த இடத்துக்கு எடுப்பது இன்னொன்று. முதல் வகை கம்பெனியின் நம்பிக்கையைப் பொறுத்தது. நம்பிக்கை குறைந்ததும் நின்றுவிடும். இரண்டாவது நிற்கவே நிற்காது. வார்டில் ராத்திரி ஷிப்டுக்கு நர்ஸ் இல்லை என்றால், பொருளாதாரம் சரியாகட்டும், அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூரில் நான் எடுத்த ஆட்களில் பெரும்பகுதி முதல் வகை. என்னோடு வேலை இழந்தவர்கள் எல்லோரும் மறுபடி அதே மாதிரி கம்பெனிகளுக்கே விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் வெளியே வந்த அத்தனை ரெக்ரூட்டர்களும் ஒரே வாசலில் நின்றோம். நல்ல திறமைசாலிகளுக்கே பதில் வரவில்லை.

ஒரு நோட்டில் எங்கெல்லாம் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள் என்று எழுதினேன். நீலகிரியில் ஓட்டல்களும் ரிசார்ட்டுகளும். ஊட்டி, லவ்டேல், குன்னூர் பக்கத்து உறைவிடப் பள்ளிகள். அங்கே ஆசிரியர்களைவிட விடுதிக் காப்பாளர், நர்ஸ், மெஸ் ஆட்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தேயிலைத் தொழிற்சாலைகள். எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆட்கள் இல்லாமல் இலை எடுப்பு நடப்பதில்லை. மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் மருத்துவமனைகள், பம்ப்செட் கம்பெனிகள், ஃபவுண்டரிகள், மில்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த காரணத்தை எழுதினேன். காரணம் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறிகளுக்குப் பதில் தேடிப் போனதுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் போனது குன்னூரில் ஒரு நடுத்தர ஓட்டல். தெரிந்த அண்ணன் ஒருவர் அங்கே காய்கறி சப்ளை செய்கிறார், அவர் மூலமாகப் பேசினேன். மே சீசனுக்கு முன்னால் ஃபிரண்ட் ஆபீஸுக்கும் சமையல்கட்டுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஆள் வேண்டும் என்றார்கள். "ஆள் வராம இல்லை மேடம். வர்றாங்க, நாலாம் நாள் பையைத் தூக்கிட்டுப் போயிடறாங்க" என்றார் மேனேஜர். 2024 மே மாதம் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து எத்தனை வண்டி ஏறும் என்று கணிக்கவே முடியவில்லை, நிரந்தரமாக ஆள் போடவும் பயம், சீசனில் ஆள் இல்லாமல் நிற்கவும் பயம் என்றும் சொன்னார்.

ஆட்கள் தங்குகிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், ஆனால் கூட்டிக்கொண்டு போனார். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஆளுக்கு ஒரு மெல்லிய கம்பளி. ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அட்டை ஈரத்தில் ஊறித் தொங்கியது. குளிக்க வெந்நீர் சமையல்கட்டிலிருந்து வாளியில் கொண்டுவர வேண்டும். காலை ஷிப்டு ஆறு மணிக்கு. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வரும் பையன்கள் அந்த அறையில் எத்தனை நாள் இருப்பார்கள்?

மேனேஜரிடம் மூன்றே விஷயம் சொன்னேன். கண்ணாடியை மாற்றி, குளியலறைக்கு ஒரு கீசர் போடுங்கள். வேலை விளம்பரத்தில் தங்குமிடத்தின் உண்மையான போட்டோவைப் போடுங்கள். போனில் பேசும்போது சம்பளத்துக்கு முன்னால், குளிர் ஊரில் இருந்திருக்கிறீர்களா என்று கேட்போம். கூடலூர், மஞ்சூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளை முதலில் பார்த்தோம். கீழே இருந்து வருபவர்களுக்கு ஸ்வெட்டரும் கனமான கம்பளியும் முதல் நாளே ஓட்டல் கொடுத்தது. அந்த சீசனில் வந்தவர்களில் பெரும்பாலோர் சீசன் முடியும்வரை இருந்தார்கள். எனக்குக் கிடைத்த பணம் பெரிதில்லை. ஆனால் ஐடிக்கு வெளியிலும் என்னால் ஆள் எடுக்க முடியும் என்று காட்ட ஒரு சொந்த அனுபவம் கையில் வந்துவிட்டது. பின்னால் மருத்துவமனை இன்டர்வியூவில் அதிக நேரம் பேசியது இந்த ஜன்னலையும் கீசரையும் பற்றித்தான்.

ரெஸ்யூமே விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்களின் ரெஸ்யூமேவைப் பத்து நொடியில் ஒதுக்கிப் பழகியவர்கள் நாம். நம்முடையதையும் அதே கண்ணால் பாருங்கள். "எண்ட் டு எண்ட் ரெக்ரூட்மென்ட் அனுபவம், ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்டில் தேர்ச்சி" என்ற வரி எல்லா ரெக்ரூட்டர் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிய வேண்டியவை இவை: ஒரே நேரத்தில் எத்தனை பொசிஷன் கையில் இருந்தன, ஒன்றை முடிக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆனது, ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் தாண்டினார்கள். இந்தியாவில் மூன்று மாத நோட்டீஸ் பீரியடை வைத்துக்கொண்டு ஆஃபர் கொடுத்தவரைச் சேர வைப்பதுதான் நம் தொழிலின் கஷ்டமான பகுதி. அதை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எண்கள் உங்கள் அப்ரைசல் கடிதங்களில் இருக்கும். நினைவில் இல்லாததை ஊகித்து எழுத வேண்டாம். எதிரில் உட்காருபவரும் ரெக்ரூட்டர்தான், இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

துறை மாறுவதாக இருந்தால் அந்தத் துறையின் விவரங்களைப் படிக்காமல் போகாதீர்கள். நர்சிங்கில் ஜிஎன்எம் மூன்று வருட டிப்ளமா, பிஎஸ்சி நான்கு வருடப் பட்டம். படித்து முடித்தாலும் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு எண் வந்தால்தான் வார்டில் நிறுத்த முடியும். கேரளாவிலோ கர்நாடகாவிலோ பதிவு செய்தவர் என்றால் இங்கே மாற்றிப் பதிய வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாளைக் கணக்கில் எடுக்காமல் ஜாயினிங் தேதி கொடுத்தால் வார்டு காலியாக நிற்கும். அவர்கள் ஏன் போகிறார்கள்? வளைகுடா, இங்கிலாந்து, ஜெர்மனி. எம்ஆர்பி (அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம்) மூலம் அரசு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். கல்யாணம். ராத்திரி ஷிப்டு அடுத்தடுத்து விழுந்தால் பக்கத்து மருத்துவமனை. இதெல்லாம் எனக்கு ஊரில் இருக்கிற நர்ஸ் அக்காக்கள் சொல்லிக் கொடுத்தது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே பாதி பாடம் முடிந்துவிட்டது.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்றது. வேலை கிடைத்த வழி.

கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டேன், அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். பழைய ஹைரிங் மேனேஜர்கள் அன்பாகப் பேசினார்கள், ஆனால் அவர்கள் கையில் எதுவும் இல்லை. உதவி வந்தது, நான் சில வருடங்களுக்கு முன் ரிஜெக்ட் செய்த ஒரு தம்பியிடமிருந்து. கடைசி ரவுண்டு வரை வந்து தேர்வாகாதவர். நான் கற்றுக்கொண்ட இடத்தில், ரிஜெக்ட் ஆனவருக்குப் போன் செய்து காரணம் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் சீனியர் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கத்தில் அவரிடம் பேசி, எதைச் சரிசெய்தால் அடுத்த இடத்தில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தேன். அது அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் லிங்க்ட்இனில் எழுதியதைப் பார்த்துவிட்டு, "மேடம், எங்க அக்கா கோயம்புத்தூர்ல நர்சிங் சூப்பரின்டெண்டா இருக்காங்க, அங்க ஹெச்ஆர்ல ஆள் தேடறாங்களாம், பேசறீங்களா?" என்று மெசேஜ் அனுப்பினார். அந்த வேலை எந்தத் தளத்திலும் விளம்பரமாகவில்லை.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பெங்களூரில் ரெக்ரூட்டராக இருந்தேன். ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். கோயம்புத்தூர், நீலகிரிப் பகுதியில் ஓட்டல், மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை ஆகியவற்றில் ஆள் எடுக்கும் வேலை பார்க்க விரும்புகிறேன். வாரத்தில் சில நாள் கோயம்புத்தூர் வர முடியும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஆட்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள்." ஊர், துறை, எத்தனை நாள் வர முடியும், எல்லாம் அதில் இருக்கிறது. "எந்த வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு யார் முகமும் நினைவுக்கு வராது. "ஆட்கள் நிற்காமல் போகிற இடம்" என்றதும் அந்தத் தம்பிக்கு அவர் அக்கா நினைவுக்கு வந்தார்.

வழியில் வேறு அழைப்புகளும் வந்தன. கமிஷன் அடிப்படையில் வீட்டிலிருந்தே ஆள் எடுத்துக் கொடுங்கள் என்று. இது கெட்ட வழி இல்லை, ஆனால் விதிமுறை தெரிந்து இறங்க வேண்டும். கன்சல்டன்சிகள் கம்பெனியிடம் வாங்கும் வழக்கமான கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதில் நமக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்தவர் 90 நாளுக்குள் போனால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்ற ரிப்ளேஸ்மென்ட் நிபந்தனை இருக்கும். அப்படிப் போனால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்களா என்பதையும் கேளுங்கள். பணம் ஆள் சேர்ந்த அன்று வராது. மாதக் கணக்கில் தள்ளி வரும், டிடிஎஸ் என்று வரி பிடித்துக்கொண்டுதான் வரும். அதுவரை கையில் செலவுக்கு இருக்க வேண்டும்.

ஒருவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பலாம், மலையில் இருந்து நர்சிங் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுங்கள், ஆளுக்கு இவ்வளவு என்றார். பதிவு எண் என்ன என்று கேட்டேன். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்டுகள் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யார் பதிவு பெற்றவர் என்று பார்த்துவிடலாம். அவரிடமிருந்து மறுபடி போன் வரவில்லை. 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். வேலை இல்லாத ரெக்ரூட்டரை இந்த மாதிரி ஆட்கள் தேடி வருவார்கள், ஏனென்றால் ஊர்க்காரர்கள் நம்மை நம்புவார்கள். வேலை தேடுபவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது, வாங்குபவரோடு சேரவும் கூடாது. நமக்கே ஆஃபர் வந்து பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று கேட்டாலும் மோசடிதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மலையில் இருந்துகொண்டு ஆன்லைன் இன்டர்வியூ கொடுப்பதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் எங்காவது மரம் விழும், கரண்ட் போகும், கரண்ட் போனால் சிறிது நேரத்தில் டவரும் போகும். எங்கள் வீட்டில் ஒரு கம்பெனி சிக்னல் முன் அறையிலும் இன்னொன்று பின்வாசலிலும் எடுக்கும். இரண்டு சிம், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ், இவ்வளவும் வேண்டும். அதோடு இன்டர்வியூ தேதி உறுதியானதும் அனுப்பும் மெயிலிலேயே, நீலகிரியில் மழைக்காலம், இணைப்பு அறுந்தால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அதிலேயே தொடர்ந்து பேசலாம் என்று எழுதிவிடுங்கள். நடுவில் அறுந்தால் பதறவேண்டியதில்லை. நேரில் வரச் சொன்னால் முந்தின நாளே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவது நல்லது. கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர்தான். ஆனால் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் அந்த 33 கிலோமீட்டருக்குக் கணக்கே கிடையாது.

இன்டர்வியூவில், ஏன் உங்களை அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். இரண்டு வாக்கியம் போதும். "கம்பெனி புது ஆள் எடுப்பதை நிறுத்தியது. எங்கள் அணியில் பாதிப் பேர் வெளியே வந்தோம்." அதற்கு மேல் பழைய கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அடுத்து இப்போது எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி: ரெஸ்யூமே வடிகட்டுவதை ஏஐ செய்துவிடுமே, நீங்கள் எதற்கு? எனக்கு அந்த மென்பொருள்கள் பழக்கம், நல்ல உதவி என்று சொல்லிவிட்டு, கூடலூரில் பேசிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நன்றாகப் படித்தவர், பதிவு எண் இருக்கிறது, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அவருடைய அப்பா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார். விடுதி வாசல் எத்தனை மணிக்கு மூடும், ராத்திரி ஷிப்டு முடிந்தால் வார்டிலிருந்து விடுதிக்கு யார் கூட்டிப் போவார்கள், மாதம் ஒரு தடவை ஊருக்கு வர இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு உண்டா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அனுப்புவார். அந்தப் பதில்களை மருத்துவமனையிடமிருந்து வாங்கி அந்த அப்பாவிடம் சொல்வதுதான் என் வேலை என்றேன். எதிரில் இருந்த நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பேனாவை எடுத்து அந்த மூன்றையும் எழுதிக்கொண்டார்.

சம்பளம் பெங்களூரில் வாங்கியதைவிடக் குறைவு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் கழித்து மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் பயந்த அளவுக்கு இல்லை. பேச்சுவார்த்தையில் சம்பளத்தை அதிகம் இழுக்கவில்லை. அதற்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் கோயம்புத்தூர், மற்ற நாள் வீட்டிலிருந்து, மலைப்பாதை மூடினால் அன்று வீட்டிலிருந்து வேலை என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கினேன். வாயால் சொன்னது மேனேஜர் மாறினால் மாறிவிடும். கல்லூரியில் புதிதாக ஆள் எடுக்கும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டா என்று சேரும் முன்பே கேட்டேன். இல்லை என்று உறுதியானபின்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த வழக்கம் உள்ள இடத்தில் என்னால் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்க முடியாது.

இப்போது நான் கையில் வைத்திருப்பதில் பெரும்பகுதி வார்டு நர்சுகள், ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர். நர்சிங் முடித்த மலைப் பிள்ளைகள் இதைப் படித்தால், பதிவு எண் வந்ததும் விண்ணப்பியுங்கள், ரிசல்ட் வந்ததுமே பதிவுக்கான வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இன்டர்வியூவில் விடுதி வாசல் நேரம், தொடர்ந்து எத்தனை நைட் ஷிப்டு, ஒரு வார்டில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ், இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டு உண்டா, உண்டென்றால் எவ்வளவு காலம் என்று தயங்காமல் கேளுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வந்து விடுதியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். நான் பேசுகிற எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன். ரெக்ரூட்டர்கள் படித்தால், உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கு ஒரு தடவை போய் எந்தெந்த முதலாளிகள் மறுபடி மறுபடி அதே வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை அவர்களுக்குப் போன் செய்து, ஏன் ஆள் நிற்பதில்லை என்று கேளுங்கள்.